பையில் இருந்த ஊசியும் வெள்ளைப் பொடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போதைப்பொருள் இருக்கிறதா என்று பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளின் பையைச் சோதனை போடுவதைப் பாராட்டி உங்கள் பத்திரிகையில் இந்த மாதம் மூன்று கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றையும் படித்தேன். எழுதியவர்களுக்குப் பிள்ளைகள் மேல் அக்கறை இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அப்படிச் சோதித்த பைகளில் ஒன்று என் மகனுடையது. அதில் என்ன கிடைத்தது, கிடைத்த பிறகு என்ன நடந்தது என்பதையும் நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் இருக்கும் ஒரு கடற்கரை ஊர்க்காரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். நண்டு கம்பெனியில் எடை போட்டுக் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் வல்லத்தில் தொழிலுக்குப் போகிறார். மகன் பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், அது அரசுப் பள்ளியா உதவி பெறும் பள்ளியா என்பதையும் சொல்ல மாட்டேன். இன்னும் ஒன்றரை வருடம் அவன் அங்கே படித்தாக வேண்டும்.

அவனுக்கு ஒன்பது வயதில் சுகர் வந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருகிற சுகர் வேறு, இது வேறு. டைப் 1 என்பார்கள். இன்சுலின் சுரக்கும் கணையம் அந்த வேலையையே அநேகமாக நிறுத்திவிடும். மிட்டாய் தின்றதால் வருவதுமில்லை, மாத்திரைக்கு அடங்குவதுமில்லை. ஊசிதான், ஆயுசுக்கும். நாலாம் வகுப்பு படிக்கும்போது பிள்ளை திடீரென்று இளைத்தான், செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான், ராத்திரியில் பாயை நனைத்தான். வயிற்றில் பூச்சி என்று நினைத்து வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் விடியற்காலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் இராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்போது அது மாவட்டத் தலைமை மருத்துவமனை. 2022-இல் மருத்துவக் கல்லூரியாகிவிட்டது. அங்கேதான் பிழைக்க வைத்தார்கள். இன்றுவரை இன்சுலின் மாதாமாதம் அங்கிருந்துதான், காசில்லாமல்.

காலையில் ஏழரை மணிக்கு ஒரு ஊசி, மதியச் சோற்றுக்கு அரைமணி முன்னால் ஒன்று, இரவு ஒன்று. நடுவில் பதினோரு மணிக்கு நாலு பிஸ்கட். இந்த நாலு பிஸ்கட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போட்ட மருந்து உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், வயிறு காலி என்று அதற்குத் தெரியாது. பிஸ்கட் தவறினால் ரத்தத்தில் சீனி இறங்கிவிடும். எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து.

மதிய ஊசிக்காக அவன் பையில் ஒரு பழைய ஜியாமெட்ரி பாக்ஸ் இருக்கும். அதற்குள் இன்சுலின் பாட்டில் ஒன்று, சிவப்பு மூடி போட்ட நாற்பது யூனிட் ஊசி இரண்டு, பஞ்சு. கூடவே குளுக்கோஸ். குளுக்கோஸ் டப்பா பெரிதாக இருப்பதால் நான்தான் இரண்டு கரண்டி அள்ளி ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றிக் கொடுப்பேன்.

யோசித்துப் பாருங்கள். பதினாறு வயதுப் பையனின் பையில், ஜியாமெட்ரி பாக்ஸுக்குள், ஊசியும் ரப்பர் பேண்டு போட்ட வெள்ளைப் பொடியும். அதைத் திறந்த வாத்தியாரின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நெஞ்சு திக்கென்றுதான் இருந்திருக்கும்.

அவர்கள் பயத்தை நான் குறை சொல்லவில்லை. எங்கள் கடற்கரை எப்படிப்பட்டதென்று உங்களுக்கே தெரியும், உங்கள் பத்திரிகையில்தானே வருகிறது: கஞ்சா மூட்டை பிடிபட்டது, பீடி இலை பிடிபட்டது, அட்டைப்பெட்டி நிறைய மாத்திரை பிடிபட்டது. ராத்திரி இரண்டு மூட்டையைக் கரைக்குத் தூக்கி வந்தால் கையில் நோட்டு என்று விடலைப் பையன்களுக்கு ஆசை காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கொடுமை டவுனில் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம், அதுவும் போய்விட்டது. உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்கிற புகையிலைப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘கூல் லிப்’ என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் பெயர் தெரிகிறது. 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே இதை நாடு முழுக்க ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது. கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எங்கள் பள்ளியின் சுற்றுச்சுவரிலிருந்து நூறு கெஜம் எண்ணி நடந்தால் வழியில் இரண்டு பெட்டிக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆகவே பையைச் சோதியுங்கள். வாரம் ஒருமுறை வேண்டுமானாலும் சோதியுங்கள்.

அன்றைக்கு நடந்தது இது. காலை ஒன்பதேகால் மணிக்குப் பை பிடிபட்டது. அவன் “சார், எனக்கு சுகர் சார்” என்று சொல்லியிருக்கிறான். “பதினாறு வயசுல உனக்கு சுகரா? எனக்கே இன்னும் வரல” என்று ஒரு வாத்தியார் சிரித்தாராம். தலைமையாசிரியர் இராமநாதபுரத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். ஜியாமெட்ரி பாக்ஸை அவர் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பிஸ்கட் பொட்டலம் பையோடு அங்கேயே போய்விட்டது. பெரிய சார் வரும்வரை வராந்தாவில் நில் என்று நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்து வெயில் ஒன்பது மணிக்கே உச்சி வெயில்.

பதினோரு மணி ஆனது. பிஸ்கட் கேட்டிருக்கிறான், திமிர் என்று நினைத்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குள் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. கை நடுங்கியிருக்கிறது. நாக்குக் குழறியிருக்கிறது. நேராக நில்லுடா என்று தோளைத் தொட்ட பி.டி. வாத்தியாரைப் பார்த்து “போடா” என்று சொல்லியிருக்கிறான். வீட்டில் ஒரு நாளும் அந்த வார்த்தை அவன் வாயில் வந்ததில்லை. சீனி இறங்கினால் மூளைக்குத் தீனி போகாது, மனுஷன் மனுஷனாக இருக்க மாட்டான், குடித்தவன் மாதிரி நடப்பான், குடித்தவன் மாதிரி பேசுவான். இது எனக்குத் தெரியும். அவர்களுக்கு என்ன தெரியும்? காலையில் பையில் ஊசி, மதியம் தள்ளாட்டம். கணக்கு நேராகிவிட்டது.

எனக்குப் போன் வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. தராசில் நண்டுக் கூடை இருந்தது. “உங்க பையன் ஏதோ போட்டுட்டு வந்திருக்கான், நிக்க முடியல, உடனே வந்து கூட்டிட்டுப் போங்க. போலீஸுக்குப் போனா கேஸாயிரும்.” நான் “அவனுக்குச் சீனி கொடுங்க, வாயில சீனி போடுங்க” என்று கத்தினேன். ஐஸ் மிஷின் சத்தத்தில் அவர்களுக்கு என்ன கேட்டதோ, போனை வைத்துவிட்டார்கள்.

பிழைக்க வைத்தவன் பக்கத்து வீட்டுப் பையன். இவன் வகுப்புதான். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் வளைய வருகிறவன், இவனுக்கு இறங்கினால் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறான். வகுப்பு ஜன்னல் வழியாக இவன் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு எழுந்து, “சார், அவனுக்குச் சீனி குடுங்க சார்” என்று கெஞ்சியிருக்கிறான். “சீனியா? அதுக்கு அப்படி ஒரு பேர் வச்சிருக்கீங்களாடா?” என்று பதில் வந்ததாம். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. பையன் மேற்கொண்டு பேசவில்லை. பின்பக்கச் சுவரேறிக் குதித்து, நான் மேலே சொன்ன பெட்டிக்கடைகளில் ஒன்றுக்கு ஓடி, பத்து ரூபாய் மாம்பழ ஜூஸ் ஒன்றை வாங்கிவந்து, வராந்தாவில் யார் தடுத்தும் கேட்காமல் இவன் வாயில் வைத்து அழுத்தியிருக்கிறான்.

நான் வீட்டுக்குப் போய்ச் சுகர் பார்க்கிற மெஷினை எடுத்துக்கொண்டு, கம்பெனி டிரைவர் தம்பியின் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி இருக்கும். விரலைக் குத்திப் பார்த்தேன். 58. ஜூஸ் உள்ளே போனபிறகு 58 என்றால் அதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும்?

மாலையில் தலைமையாசிரியர் போன் செய்தார். நல்ல மனிதர். வருத்தப்பட்டார். அப்புறம் மெதுவாக, “நீங்க எழுதிக் கொடுக்கலையேம்மா” என்றார்.

அது உண்மை. பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது கொடுத்த படிவத்தில் ‘மாணவருக்கு நோய் ஏதேனும் உண்டா’ என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே ‘இல்லை’ என்று எழுதியது என் கைதான். மறுநாள் அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். என் கையெழுத்தை நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் படித்த பள்ளியில் ஒளிக்காமல் சொன்னேன். சொன்ன மறுவாரம் அவனைக் கபடி டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள். சுற்றுலாவுக்கு வேண்டாம் என்றார்கள். இவனுக்கு ஏதாவது ஆனால் பள்ளி பொறுப்பல்ல என்று பத்திரத்தில் எழுதி வாங்கினார்கள். எழுதி வாங்கியவர்கள் ஒருவராவது ‘இறங்கினால் என்ன செய்யணும்’ என்று கேட்கவில்லை. ஊரில் என் நாத்தனார் சொன்னது வேறு: “வெளியே சொல்லாதீங்க மதினி, நாளைக்குப் பொண்ணு கொடுக்க யோசிப்பாங்க.” பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அப்போதே பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் எங்கள் சொந்தக்காரர்கள். இரண்டையும் வைத்துப் பார்த்து, புதுப் பள்ளியில் வாயைத் திறக்க வேண்டாம், பிள்ளை கபடியாவது ஆடட்டும் என்று முடிவு செய்தேன். அவன் பதினோரு மணி பிஸ்கட்டை டெஸ்க்குக்கு அடியில் தின்றான். மதிய ஊசியைக் கக்கூஸில் போட்டுக்கொண்டான். அந்தக் கக்கூஸின் லட்சணத்தை நான் எழுதினால் நீங்கள் அச்சிட மாட்டீர்கள்.

நான் சொல்லவந்தது இதுதான். எதெல்லாம் பள்ளிக்குள் வரக்கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எது கட்டாயம் வர வேண்டும், அது வந்தால் எங்கே இருக்கும், யார் கண்ணில் இருக்கும், எந்த மணிக்குப் பிள்ளை அதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தாளும் எங்கள் பள்ளிச் சுவரில் இல்லை. நோயைச் சொன்ன பிள்ளையிடமிருந்து எதுவும் பிடுங்கப்பட மாட்டாது, ஆட்டமும் சரி, சுற்றுலாவும் சரி என்ற உறுதியும் இல்லை. அந்த உறுதி இல்லாதவரை என்னைப் போன்ற தாய்கள் ‘இல்லை’ என்றுதான் எழுதுவார்கள், வாத்தியார்கள் இருட்டில்தான் பையைத் துழாவுவார்கள்.

பள்ளிக்குப் பழக்கமில்லாத வேலையா இது என்றால், அதுவுமில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பிள்ளைகளுக்கு நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை அவர்களே கொடுக்கிறார்கள். சாப்பிட்ட பிறகுதான் கொடுப்பார்கள், டீச்சர் கண்முன் விழுங்க வேண்டும், நோட்டில் குறிப்பார்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள், அதற்கும் கணக்கு இருக்கிறது. நாளும் நேரமும் பெயரும் குறித்து எழுநூறு பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுக்கத் தெரிந்த இடத்தில், ஏழெட்டுப் பிள்ளைகளின் மருந்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட முடியாதா?

சட்டம் குறுக்கே நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் கொடுத்தால் ஏழு வருடம் ஜெயில் என்று எங்கள் பள்ளி வாசலில் ஒட்டியிருக்கிறார்களே, அது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77-ஆம் பிரிவு. எங்கள் கம்பெனி முதலாளியின் மகள் வக்கீலுக்குப் படிக்கிறாள், அவள்தான் அந்தப் பிரிவை முழுசாகப் படித்துக் காட்டினாள். மது, போதைப்பொருள், புகையிலை எதைக் கொடுத்தாலும் ஏழு வருடம்வரை கடுங்காவல், ஒரு லட்சம்வரை அபராதம். அதே வாக்கியத்தின் நடுவில் ‘தகுதி பெற்ற மருத்துவரின் உத்தரவின்பேரில் தவிர’ என்று ஒரு துண்டும் இருக்கிறது. இன்சுலின் போதைப்பொருளே இல்லை, அந்தத் துண்டுகூட அதற்குத் தேவைப்படாது. ஆனால் போதை மருந்துக்கே டாக்டர் சீட்டு என்ற வாசலைச் சட்டம் விட்டு வைத்திருக்கும்போது, சுவரில் ஒட்டிய தாளில் அந்த வாசல் காணாமல் போனது எப்படி?

வேறு இடங்களில் செய்திருக்கிறார்கள். பொதுத்தேர்வு எழுதும் டைப் 1 பிள்ளைகள் மிட்டாய், பழம், சாண்ட்விச் மாதிரித் தின்பண்டம், தண்ணீர் பாட்டில் எல்லாம் தேர்வறைக்குக் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017-லேயே சொல்லிவிட்டது. டாக்டர் சீட்டு இருந்தால் வகுப்பிலேயே சுகர் பார்க்கலாம், ஊசி போட்டுக்கொள்ளலாம், இடையில் சாப்பிடலாம் என்று உத்தரப் பிரதேச அரசு 2023-இல் உத்தரவு போட்டது. அடுத்த வருடம் என் மகன் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பிளஸ் டூ எழுத வேண்டும். பறக்கும் படையிலிருந்து வருகிறவர் அவன் சட்டைப்பையில் இருக்கும் குளுக்கோஸ் கவரைப் பார்த்து என்ன நினைப்பார் என்று இப்போதே எனக்குத் தூக்கம் கெடுகிறது.

பீரோவில் பூட்டிய இன்சுலின் மூன்றாம் நாள்தான் கைக்கு வந்தது. ஓட்டுக் கூரைக்கு அடியில் இரும்பு பீரோ, நடுவில் ஒருநாள் விடுமுறை வேறு. நம்பிப் போட முடியாது, கொட்டிவிடுங்கள் என்றார் டாக்டர். மாத மருந்து வாங்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கினேன்.

இன்சுலினை வைத்துக்கொள்கிற விஷயத்தில் நானும் ஒருகாலத்தில் வாத்தியார்களைவிட முட்டாளாக இருந்தவள்தான். எங்கள் வீட்டு பிரிட்ஜ் உப்புக் காற்றில் துருப்பிடித்து இரண்டே வருடத்தில் செத்துப்போனது. கம்பெனியில் ஐஸுக்குப் பஞ்சமா என்று, நண்டுப் பெட்டிக்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் பாட்டிலைச் செருகி வைத்தேன். மறுநாள் எடுத்தபோது உறைந்திருந்தது. வெளியே வைத்ததும் உருகி முன்போலத் தெளிந்த தண்ணீராகிவிட்டது, பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மூன்று நாள் அதையே போட்டேன். சுகர் 420-க்கு ஏறிவிட்டது. உறைந்த இன்சுலின் செத்த இன்சுலின் என்று டாக்டரம்மா திட்டிய பிறகுதான் தெரிந்தது. திறக்காத பாட்டிலுக்கு இரண்டிலிருந்து எட்டு டிகிரி, திறந்தது நிழலில் குளிர்ச்சியாக இருந்தால் நாலு வாரம் தாங்கும்.

அவர்தான் மண்பானை வழியைச் சொன்னார். அகலமான பானையில் மணலைக் கொட்டி நனைத்து, அதற்குள் ஒரு சின்னக் கலயத்தைப் புதைத்து, பாட்டிலைக் கவரில் முடிந்து கலயத்துக்குள் வைத்து, வாயை ஈரத்துணியால் மூடிவிட வேண்டும். காலையும் மாலையும் மணலில் ஒரு செம்பு தண்ணீர். கரண்டு போனாலும் கவலையில்லை. அக்னி நட்சத்திர மதியத்தில் அந்தக் கலயத்துக்குள் கையை விட்டால் கிணற்றடியில் நிற்கிற மாதிரி இருக்கும். இந்தப் பானையை ஒரு செட் நானே வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்தேன். இப்போது ஆசிரியர் அறையில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றுகிற வேலையை என் மகனே பார்த்துக்கொள்கிறான்.

பானை வைத்ததோடு விஷயம் முடியவில்லை. அவசரத்துக்கு வேண்டியதைப் பூட்டி வைக்கவே கூடாது. குளுக்கோஸும் பிஸ்கட்டும் பிள்ளையின் சட்டைப்பையில் இருக்க வேண்டும், பி.டி. வாத்தியாரின் விசில் தொங்குகிற ஆணியிலும் ஒரு பொட்டலம் தொங்கட்டும். மூச்சு இழுக்கிற பிள்ளையின் இன்ஹேலரும் அப்படித்தான். அது பீரோவில், சாவி இராமநாதபுரத்தில் என்றால் 108 வருவதற்குள் என்ன ஆகும் என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. அன்றைக்கே இன்னொரு வகுப்பில் ஒரு பெண்பிள்ளையின் பையிலிருந்து மாதவிலக்கு வலி மாத்திரை அட்டையை எடுத்து எல்லார் முன்னாலும் “இது என்ன?” என்று தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. பெண்பிள்ளைகளின் பையைப் பெண் டீச்சர் தனியாக வைத்துப் பார்க்கட்டும் என்று சொல்ல ஒரு அரசாணை வேண்டுமா?

தாய் தகப்பன்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. காய்ச்சல் மாத்திரையைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தனுப்புகிறோம், பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போதே பெயர் போய்விடுகிறது. அதைப் பிள்ளை பக்கத்திலிருப்பவனுக்குப் பங்கு வைக்கும். என் மகனின் வகுப்பில் ஒருவன் “ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமாடா” என்று ஊசியைக் கேட்டிருக்கிறான். சுகர் இல்லாதவனுக்கு அது உயிருக்கே உலை வைத்துவிடும். ஆகவே மருந்து முழு அட்டையோடு, டாக்டர் சீட்டோடு மட்டுமே வர வேண்டும், சீட்டின் நகல் ஒன்று பள்ளி நோட்டில் ஒட்டப்பட வேண்டும், போட்ட ஊசி குப்பைக்கூடைக்குப் போகாமல் ஒரு தகர டப்பாவுக்குள் போக வேண்டும் என்று பள்ளி கறாராக இருந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். தூக்க மாத்திரைக்கும் சிலவகை வலி மாத்திரைக்கும் வாங்கியவர் பெயர், டாக்டர் பெயர் எழுதிய நோட்டை மருந்துக்கடைக்காரர் மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பள்ளிக்கும் ஒரு நோட்டு இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். டாக்டருக்கு எங்கே போவது என்றால், வருடத்துக்கு ஒருமுறை பல், கண், காது பார்க்க ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசுச் சிறார் நலத் திட்ட வண்டியில் டாக்டர் பள்ளிக்கே வருகிறார். அந்த நோட்டை அவர் முன்னால் விரித்து ஒரு கையெழுத்து வாங்கலாம்.

வாத்தியார்களுக்கு ஒன்று. தள்ளாடுகிற பிள்ளை போதையிலா, சீனி இறங்கியா என்று கண்ணால் பார்த்துப் பிரித்தறிய டாக்டருக்கே கஷ்டம். நீங்கள் பிரித்தறிய வேண்டியதில்லை. விழுங்குகிற நினைவு இருந்தால் மூன்று ஸ்பூன் சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், கால் மணி நேரம் பாருங்கள், தெளியாவிட்டால் இன்னொரு தடவை. போதையாகவே இருந்தாலும் சீனித்தண்ணீரால் ஒரு கெடுதலும் வந்துவிடாது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் ஏலக்கூடத்தில் ஒருத்தி என்னிடம், “என்னக்கா, உன் மகன் ஊசி போடுறானாமே?” என்று கேட்டாள். ஆமாம், போடுகிறான், ஏழு வருடமாகப் போடுகிறான், தொப்புளைச் சுற்றி ஒருநாள், தொடையில் ஒருநாள் என்று இடம் மாற்றி மாற்றிப் போடுகிறான் என்றேன். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒளித்து வைத்தது அன்றோடு போனது. இப்போது ஊருக்கே தெரியும், அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருக்கிறது. போன வாரம் படிவத்தைத் திரும்ப வாங்கி ‘இல்லை’யை அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். கபடியிலிருந்து எடுக்க மாட்டோம் என்று தலைமையாசிரியர் வாயால் சொல்லியிருக்கிறார். எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சுவரேறிக் குதித்த பையனின் பெயர் ஒழுக்கப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது: வகுப்பு நேரத்தில் அனுமதியின்றி வெளியேறியது, சுவர் ஏறியது, தடை செய்யப்பட்ட கடைக்குச் சென்றது. மூன்றும் விதிமீறல்தான், மறுக்க முடியாது. தகப்பனைக் கூட்டிவா என்றார்கள். அவர் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போயிருந்ததால் தாய் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அந்தப் பெயரை அடித்துவிட்டார்களா என்று நேற்றுச் சாயங்காலம் அவனிடமே கேட்டேன். இன்னும் இல்லை அத்தை, அதை விடுங்க என்றான். ஜூஸுக்கான பத்து ரூபாயையும் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்
தொண்டிக் கடற்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.

(என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)